மூடிய ஃபயர்வாலைத் தாண்டி மைனர் வந்தது எப்படி? எந்தத் திறந்த மூலக் கருவியை முதலில் போடுவது?

#1 முதல்_முனையம் · திங்கள் 06:50

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சிறு நிறுவனத்தின் 9 லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். என் கைக்கு வந்து 4 மாதம் ஆகிறது. எனக்கு முன் பார்த்தவர் குறிப்பு எதுவும் எழுதி வைக்கவில்லை.

சனிக்கிழமை இரவு ஒரு சர்வரில் சிபியு 100 சதவீதத்துக்கு ஏறி அப்படியே நின்றது. டாப் கட்டளையில் பார்த்தால் கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ்ஐ என்று ஒரு ப்ராசஸ். கெர்னலிலேயே கேடெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்று ஒன்று உண்டு, அதுதான் என்று விட்டுவிட்டேன். பெயரின் கடைசியில் ஓர் 'ஐ' கூடுதலாக ஒட்டியிருப்பதைக் கவனிக்க ஒரு மணி நேரம் ஆனது. மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் திருட்டுத்தனமாகத் தோண்டும் மைனர். கொன்றால் கொஞ்ச நேரத்தில் மறுபடி எழுகிறது.

எனக்குப் புரியாதது இதுதான். அந்த சர்வரில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஓடுகிறது. 22, 80, 443 போர்ட்டுகளைத் தவிர உள்ளே வரும் எல்லாவற்றையும் மறுக்கச் சொல்லியிருக்கிறேன். தொலைவிலிருந்து லாகின் செய்யும் எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்ட் கிடையாது, கீ மட்டும்தான். தப்பான முயற்சி தொடர்ந்தால் அந்த ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேனும் இருக்கிறது. பிறகு எப்படி வந்தார்கள்?

இனிமேல் இப்படி நடக்கவே கூடாது. வாசூ (சர்வர் கண்காணிப்பு), சுரிக்காட்டா, ஜீக் (இரண்டும் நெட்வொர்க் கண்காணிப்பு), லினிஸ் (பாதுகாப்புத் தணிக்கை), ஆர்கேஹன்டர் (ஒளிந்த தீநிரல் தேடல்) எல்லாவற்றையும் 9 சர்வரிலும் போட்டுவிடலாம் என்று பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன். எதை முதலில் போடுவது என்று சொல்லுங்கள்.

#2 பழைய_ஷெல் · திங்கள் 07:25

தம்பி, இப்போதைக்கு எதையும் போடாதீர்கள். அந்த சர்வரை வெளி நெட்வொர்க்கிலிருந்து துண்டியுங்கள், ஆனால் அணைக்க வேண்டாம். அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த ப்ராசஸின் தாய் ப்ராசஸ் எது? ப்ராக் கோப்புறைக்குள் அதன் எண்ணுக்கு உரிய இடத்தில் சிகுரூப் என்றொரு கோப்பு இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது? அந்த சர்வரில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் கருவி) ஓடுகிறதா?

#3 முதல்_முனையம் · திங்கள் 08:10

நன்றி அண்ணா, துண்டித்துவிட்டேன். தாய் ப்ராசஸின் பெயர் கின்சிங். சிகுரூப் கோப்பில் டாக்கர் என்றும் அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஐடியும் இருக்கிறது. அந்த ஐடி, தரவை நினைவகத்தில் வைக்கும் ரெடிஸ் கன்டெய்னருடையது! ஆமாம், டாக்கர் இருக்கிறது. வலைச் செயலி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், ரெடிஸ், இன்னொரு பின்னணி வேலை என 4 கன்டெய்னர்கள்.

ஆனால் துண்டிப்பதற்கு முன் வேறொரு நெட்வொர்க்கிலிருந்து போர்ட்டுகளைச் சோதிக்கும் என்மேப்பை ஓட்டிப் பார்த்தேன். 22, 80, 443 மூன்றும்தான் திறந்திருப்பதாகக் காட்டியது.

#4 பாக்கெட்_வாசகி · திங்கள் 08:32

என்மேப்பைச் சும்மா ஓட்டினால் அதிகம் பயன்படும் 1000 போர்ட்டுகளை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும். 65535ஐயும் பார் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முழுதாகப் பார்க்காமல் 'மூடியிருக்கிறது' என்று முடிவு கட்டக் கூடாது. அதே முறையில் அமைத்த வேறு சர்வர் இருந்தால் அதன்மீது முழுதாக ஓட்டுங்கள். ரெடிஸின் 6379 திறந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

#5 முதல்_முனையம் · திங்கள் 09:15

அக்கா, திறந்திருக்கிறது. 6379. இரண்டு சர்வர்களில். யுஎஃப்டபிள்யூவிடம் கேட்டால் இப்போதும் மூடியிருப்பதாகத்தான் சொல்கிறது. எதை நம்புவது?

#6 பாக்கெட்_வாசகி · திங்கள் 09:58

வெளியிலிருந்து பார்த்ததை நம்புங்கள். யுஎஃப்டபிள்யூ பொய் சொல்லவில்லை, தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் பாக்கெட் முதலில் முகவரி மாற்றும் நாட் அட்டவணையின் ப்ரீரௌட்டிங் என்ற விதிச் சங்கிலியைத் தாண்டும். கன்டெய்னரின் போர்ட்டை நீங்கள் வெளியிட்டதுமே டாக்கர் அந்தச் சங்கிலியில் ஒரு விதி எழுதிவிடுகிறது: 6379க்கு வந்தால் சேருமிடத்தைக் கன்டெய்னரின் உள் ஐபியாக மாற்று என்று. மாற்றிய பிறகு அந்தப் பாக்கெட் இந்த சர்வருக்கே வந்தது அல்ல, இந்த சர்வர் வழியாக வேறிடம் போவது. ஆகவே இன்புட் சங்கிலிக்குப் போகாமல் ஃபார்வர்ட் சங்கிலிக்குத் திரும்பிவிடும். நீங்கள் யுஎஃப்டபிள்யூவில் எழுதிய மறுப்பு விதிகள் இன்புட்டில் இருக்கின்றன. வாசலில் காவலாளி விழித்துத்தான் இருக்கிறார், வந்தவர் வாசல் பக்கமே வரவில்லை. டாக்கரின் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. மறைவான பிழை என்று சொல்ல முடியாது.

அடுத்த பாதி ரெடிஸில். 3.2 பதிப்பிலிருந்து ரெடிஸில் ஒரு பாதுகாப்பு முறை உண்டு. பாஸ்வேர்ட் வைக்காமல் இயல்பு அமைப்பிலேயே விட்டால் உள்ளிருந்து வரும் இணைப்புக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஆனால் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜில் (கன்டெய்னரை எழுப்பும் அச்சு) அது அணைத்தே வருகிறது, மற்ற கன்டெய்னர்கள் பேச வேண்டும் என்பதற்காக. அந்த இமேஜின் பக்கத்தில் எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கடவுச்சொல் இல்லாத ரெடிஸ் ஊருக்கே திறந்து கிடக்கும். தாக்குபவர் தன் சர்வரை ரெடிஸின் தலைமைச் சர்வராகக் காட்டி, அதிலிருந்து ஒரு மாட்யூலை இறக்கி ஏற்ற வைத்தால் கன்டெய்னருக்குள் எந்தக் கட்டளையும் ஓடும். தானாக இதைத் தேடிக்கொண்டு அலையும் நிரல்களில் கின்சிங்கும் ஒன்று.

சரிசெய்ய: ரெடிஸுக்கு வெளியே போர்ட் தேவையே இல்லை. கன்டெய்னர்களை விவரிக்கும் கம்போஸ் கோப்பில் போர்ட்ஸ் பகுதியை எடுத்துவிடுங்கள். ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் செயலி பெயரைச் சொல்லியே பேசும். அந்த சர்வரிலிருந்தே தொட வேண்டிய அவசியம் இருந்தால் 127.0.0.1:6379:6379 என்று எழுதுங்கள். பொதுவான தடை வேண்டுமானால் நம் விதிகளுக்காக டாக்கர் விட்டிருக்கும் டாக்கர்-யூசர் சங்கிலியில் போட வேண்டும். அங்கே வரும்போது போர்ட் எண் ஏற்கெனவே மாறியிருக்கும், அதனால் இணைப்புகளைக் கணக்கில் வைக்கும் கான்ட்ராக் மூலம் பழைய சேரும் போர்ட்டைக் கேட்டுப் பொருத்துங்கள். 8080ஐ 80ஆக மாற்றி வெளியிட்டிருப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

#7 மூடிய_கதவு · திங்கள் 11:20

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தத் தம்பியிடம் ஃபயர்வால், ஃபெயில்2பேன், கீ மட்டும் எஸ்எஸ்எச் எல்லாமே இருந்தன. எல்லாமே இலவசம், எல்லாமே தனித்தனி. ஒன்று செய்வது மற்றொன்றுக்குத் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கும் பாதுகாப்புத் தொகுப்பில் இப்படி நடந்தால் கூப்பிட்டுக் கேட்க ஒருவர் இருப்பார். கோட் எல்லோருக்கும் தெரியும் என்பதைப் பெருமையாகச் சொல்கிறோம். தாக்குபவருக்கும்தானே தெரிகிறது? எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நிரலின் விவகாரத்தில் உள்ளேயே ஆள் புகுந்துவிட்டாரே!

#8 நிலைப்பதிப்பு · திங்கள் 12:45

எக்ஸ்இசட்டை எடுத்ததால் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். திறந்த மூலத்தை நம்பித்தான் நான் 15 வருடமாக வேலை செய்கிறேன், அதன் குறையையும் மறைக்க மாட்டேன்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர் எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதாகப் பொதுவில் எழுதினார். எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை வினாடி கூடுதலாக எடுப்பது அவர் கண்ணில் பட்டது. அதற்குச் சில வாரம் முன்பு சோதனைகளில் வால்கிரைண்ட் (நினைவகப் பிழை தேடும் கருவி) காரணமில்லாமல் புலம்பியதும் நினைவுக்கு வந்தது. பிடித்து இழுத்துக்கொண்டே போனார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் ஒழுங்காகப் பங்களித்து நம்பிக்கையைச் சம்பாதித்துவிட்டு இதைச் செய்திருந்தார். பின்கதவை இயக்கிவிடும் துண்டு கோட் இருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தது. கிட்டைப் படித்த கண்களுக்கு அது தெரிந்திருக்காது.

இன்னொரு பக்கம் 2008இல் வெளிவந்த கதை. டெபியன் லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) பொதியில் வால்கிரைண்ட் எச்சரிக்கையை அடக்குவதற்காக இரண்டு வரிகளை நீக்கினார்கள். அதோடு தற்செயல் எண்ணுக்கான மூலமும் போய்விட்டது, ப்ராசஸ் எண் மட்டும் மிஞ்சியது. ஒரு வகைக் கீக்கு 32,768 சாத்தியம், அவ்வளவுதான். 2006 செப்டம்பரிலிருந்து 2008 மே வரை இப்படிப் பிறந்த கீகள் எல்லாமே பலவீனமானவை. கோட் திறந்துதான் கிடந்தது. ஏறக்குறைய 20 மாதம் ஒருவரும் பார்க்கவில்லை.

வால்கிரைண்ட், ஒரே கருவி. அதன் எச்சரிக்கையை ஒரு முறை வாயடைத்தார்கள், இன்னொரு முறை ஒருவர் ஏன் என்று கேட்டார். கோட் திறந்திருப்பதால் பார்க்கும் உரிமை கிடைக்கிறது, பார்ப்பவர் தானாக வருவதில்லை. ஆனால் மூடிய நிரலில் அந்த அரை வினாடியைப் பின்தொடர்ந்து மூலக் காரணம்வரை ஃபிராய்ண்ட் போயிருக்க முடியுமா? என்னை இங்கேயே நிறுத்தி வைத்திருப்பது அந்தக் கேள்விதான்.

#9 மூடிய_கதவு · திங்கள் 13:30

நியாயமான பதில், ஏற்கிறேன். ஆனால் ஹார்ட்பிளீடையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2012 மார்ச்சில் வந்த ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1இல் நுழைந்த பிழை 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. உலகமே சார்ந்திருந்த அந்தத் திட்டத்துக்கு அதுவரை வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2000 டாலர். என் கோபம் கருவியின் மீது இல்லை. இலவசம் என்றதும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் சம்பளம் தேவையில்லை என்று நிர்வாகம் நினைத்துக்கொள்கிறது. இந்தத் தம்பியை 9 சர்வரோடு தனியாக விட்டதும் அதே நினைப்புதான்.

#10 நள்ளிரவு_அழைப்பு · திங்கள் 15:05

மேலே சொன்னதோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். அதனால்தான் அந்தக் கருவிப் பட்டியலைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது.

வாசூ நல்ல கருவி, நானே நடத்துகிறேன். ஆனால் அதன் மேனேஜர், இன்டெக்ஸர், டாஷ்போர்ட் மூன்றையும் ஓட்ட 25 ஏஜென்ட் வரைக்குமே 8 ஜிபி ரேம், 4 கோர் கேட்கிறார்கள். அது 10ஆவது சர்வர் ஆகிவிடும். அதற்கும் அப்டேட், பேக்கப், கண்காணிப்பு வேண்டும். போட்டதும் நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் எச்சரிக்கை கொட்டும். விதிகளைச் செதுக்கி அதைக் கையளவுக்குக் கொண்டுவர எனக்கு 3 மாதம் பிடித்தது. செதுக்காமல் விட்டால் இரண்டாவது வாரத்திலேயே அந்த மெயில்கள் தனிக் கோப்புறைக்குப் போய்விடும். உண்மையானதும் அதற்குள்ளேயே போகும்.

உங்கள் நிலையில் நான் முதல் வாரம் செய்வது குறைவு. லினிஸ் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், நிறுவாமலேயே ஓட்டலாம், ஒவ்வொரு சர்வரிலும் ஒரு முறை ஓட்டி அறிக்கையைப் படியுங்கள். கடைசியில் அது தரும் மதிப்பெண்ணை விரட்டாதீர்கள், எச்சரிக்கை என்று தனியாகக் காட்டுவதை மட்டும் பாருங்கள். லாக் சேகரிக்கும் ஆர்சிஸ்லாக் ஏற்கெனவே உங்கள் சர்வர்களில் இருக்கும். லாக் எல்லாம் குறியாக்கிய டிஎல்எஸ் வழியாக வேறொரு சர்வருக்குப் போகட்டும். உள்ளே புகுந்தவர் முதலில் அழிப்பது லாகைத்தான். அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி கோப்புறையை இடிசிகீப்பரால் கிட்டுக்குள் கொண்டுவாருங்கள். அடுத்த முறை 'இதை யார் எப்போது மாற்றினார்கள்' என்று தவிக்க வேண்டாம்.

சுரிக்காட்டாவும் ஜீக்கும் உங்களுக்கு இப்போது வேண்டாம். ஆர்கேஹன்டர் வெறும் சத்தம்.

#11 முதல்_முனையம் · திங்கள் 18:40

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். மிக்க நன்றி. ரெடிஸ் கன்டெய்னருக்குச் சிறப்பு அனுமதி எதுவும் கொடுத்திருக்கவில்லை, டாக்கர் சாக்கெட்டும் உள்ளே மவுன்ட் ஆகவில்லை. அந்தக் கன்டெய்னரை மட்டும் அழித்துவிட்டுப் புதிதாக எழுப்பினால் போதுமா? முழு சர்வரையும் மறுபடி நிறுவச் சொன்னால் ஒரு நாள் சேவை நிற்கும்.

#12 பழைய_ஷெல் · திங்கள் 19:20

போதாது. கன்டெய்னருக்கும் ஹோஸ்டுக்கும் (கன்டெய்னர் ஓடும் சர்வர்) கெர்னல் ஒன்றே. தாண்டவில்லை என்று உங்களால் நிரூபிக்க முடியாது, நினைக்கத்தான் முடியும். அதோடு ரெடிஸ் இருந்த டாக்கர் நெட்வொர்க்கில்தான் போஸ்ட்கிரெஸும் செயலியும் இருந்தன. பயனர் அமர்வுகள் ரெடிஸில் இருந்தால் அவையும் போயின என்றே வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், ஏபிஐ கீகள், அமர்வு ரகசியம், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். புது சர்வர் எழுப்புங்கள், பழைய வட்டை அப்படியே எடுத்து வையுங்கள்.

புதியதைக் கையால் நிறுவ வேண்டாம். சர்வர் அமைப்பைக் கோப்பாக எழுதி ஓட்டும் ஆன்சிபிளில் எழுதுங்கள். எஸ்எஸ்எச்சும் பைத்தானும் இருந்தால் போதும், சர்வரில் ஏஜென்ட் எதுவும் வேண்டாம். முதல் சர்வருக்கு இரண்டு நாள் ஆகும். மற்ற எட்டுக்கும் அதே ப்ளேபுக் (அந்தக் கோப்பு) உதவும். செக், டிஃப் இரண்டையும் சேர்த்து ஓட்டினால் எதையும் தொடாமலே எங்கெங்கே மாறியிருக்கிறது என்று காட்டும்.

#13 காப்புநகல் · திங்கள் 20:02

புது சர்வருக்குப் போகும் முன் ஒரே கேள்வி. பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? பேக்கப் ஓடுகிறதா என்று கேட்கவில்லை. மீட்டுப் பார்த்தீர்களா?

#14 முதல்_முனையம் · திங்கள் 21:35

இப்போதுதான் திறந்து பார்த்தேன். தினமும் இரவு ஒரு கோப்பு சரியாக வந்திருக்கிறது. கடந்த 7 வாரமாக ஒவ்வொன்றும் 20 பைட்.

கை நடுங்குகிறது. டேட்டாபேஸ் உயிரோடுதான் இருக்கிறது என்பது ஒன்றே ஆறுதல்.

#15 காப்புநகல் · திங்கள் 21:50

பதற வேண்டாம். 20 பைட் என்றதுமே தெரிகிறது. சுருக்கும் கருவி ஜிசிப்புக்கு வெற்று உள்ளீடு கொடுத்தால் அந்த அளவுதான் வரும். போஸ்ட்கிரெஸை நகலெடுக்கும் பிஜி-டம்பின் வெளியீட்டைக் குழாய் வழியாக ஜிசிப்புக்குள் விட்டிருப்பீர்கள். டம்ப் தோற்றாலும் குழாயின் கடைசியில் இருக்கும் ஜிசிப் வென்றுவிடும். ஸ்கிரிப்டுக்குத் தெரிவது அந்த வெற்றி மட்டும். மேலே பைப்ஃபெயில் என்ற ஒரு அமைப்பை வைத்திருந்தால் முதல் இரவே தெரிந்திருக்கும்.

7 வாரம் முன்பு போஸ்ட்கிரெஸ் இமேஜின் பதிப்பை உயர்த்தினீர்களா? ஹோஸ்டில் பழைய பிஜி-டம்ப் இருந்தால், தன்னைவிடப் புதிய பெரும்பதிப்பு சர்வரைத் தொட மறுத்துவிடும். உடனே கன்டெய்னருக்குள் இருக்கும் பிஜி-டம்பையே கூப்பிட்டு ஒரு நகல் எடுங்கள். அளவைப் பாருங்கள். வேறொரு இடத்தில் ஏற்றி வரிசைகளை எண்ணுங்கள். பிறகு தூங்குங்கள்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 2017 ஜனவரி 31 அன்று கோட் சேமிக்கும் தளமான கிட்லேபில் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புறையை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் ஒன்றும் இல்லை. சர்வர் 9.6, பிஜி-டம்ப் 9.2. தோல்வி மெயில்களை எதிர்ப்பக்கமே நிராகரித்திருந்தது. சுமார் 6 மணி நேரம் முன்பு ஒரு பொறியாளர் வேறு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். அவர்கள் அதை ஒளிக்காமல் முழுதாக எழுதினார்கள், அதனால்தான் இன்று உங்களிடம் சொல்ல முடிகிறது.

நிலைமை அடங்கியதும் ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற பேக்கப் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே குறியாக்கம் செய்யும், மாறிய துண்டை மட்டும் அனுப்பும். சேமிக்கும் பக்கத்தில் சேர்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். சர்வரைப் பிடித்தவர் அதே கீயை வைத்துப் பழைய நகல்களை அழிக்க முடியாது.

#16 முதல்_முனையம் · செவ்வாய் 00:40

ஆமாம், பதிப்பை உயர்த்தியது நான்தான். புது நகல் 1.3 ஜிபி வந்திருக்கிறது. என் லேப்டாப்பில் ஏற்றி எண்ணிப் பார்த்தேன், அட்டவணைகள் பொருந்துகின்றன. நன்றி என்று ஒரு சொல்லில் சொல்லி முடியாது.

#17 நிலைப்பதிப்பு · செவ்வாய் 07:15

நல்ல செய்தி. புது சர்வரில் தானாகவே அப்டேட் செய்யும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் போடும்போது இரண்டை மறக்க வேண்டாம். லைப்ரரி புதுப்பித்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் பழையதையே பிடித்திருக்கும், எதை மறுபடி தொடங்க வேண்டும் என்று நீட்ரீஸ்டார்ட் சொல்லும். அடுத்தது, அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் ஹோஸ்டின் பொதிகளை மட்டுமே தொடும். கன்டெய்னருக்குள் இருக்கும் பழைய ஓபன்எஸ்எஸ்எல் அப்படியே இருக்கும். இமேஜைப் புதிதாக இழுத்துக் கன்டெய்னரை மறுபடி உருவாக்கினால்தான் மாறும்.

#18 பாக்கெட்_வாசகி · செவ்வாய் 08:20

ஃபெயில்2பேன் பற்றி ஒன்று விட்டுப்போனது. அதன் தடையும் இயல்பாக இன்புட் சங்கிலியில்தான் விழும். உங்கள் வலைச் செயலி கன்டெய்னரில் இருப்பதால், தடுத்ததாக லாகில் எழுதிய ஐபி தொடர்ந்து உள்ளே வந்துகொண்டே இருந்திருக்கும். அந்த ஜெயிலுக்கு (ஃபெயில்2பேனின் ஒரு கண்காணிப்பு விதி) மட்டும் சங்கிலியை டாக்கர்-யூசர் என்று மாற்றுங்கள். எஸ்எஸ்எச் ஜெயில் ஹோஸ்டில் இருப்பதால் அப்படியே இருக்கலாம். கீ மட்டும் வைத்திருப்பவருக்கு அது லாக் சத்தத்தைக் குறைக்கும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

#19 முதல்_முனையம் · அடுத்த திங்கள் 07:05

இழையை அப்படியே விட மனமில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று சர்வர்கள் ஆன்சிபிளுக்குள் வந்துவிட்டன. பாதிக்கப்பட்டது புதிதாக எழுந்துவிட்டது, கீகள் எல்லாம் மாறிவிட்டன. லாக் தனி சர்வருக்குப் போகிறது. வாரம் ஒரு நாள் காலையில் பேக்கப்பை எடுத்து ஏற்றி வரிசை எண்ணும் ஸ்கிரிப்டை எழுதிவிட்டேன், எண்ணிக்கை குறைந்தால் எனக்கும் மேலாளருக்கும் செய்தி போகும். மேலாளரிடம் 20 பைட் கோப்பை அப்படியே திறந்து காட்டினேன். இன்னொரு ஆளை எடுப்பது பற்றி அவரே பேசினார், பார்க்கலாம்.

பட்டியலில் இருந்த கருவிகளில் லினிஸ் மட்டும்தான் ஓடியது.

வெளியிலிருந்து ஒவ்வொரு இரவும் 9 சர்வரையும் 65535 போர்ட்டுக்கும் என்மேப் தொட்டுப் பார்க்கிறது, முந்தைய இரவோடு என்டிஃப் ஒப்பிட்டு மாறியதை மட்டும் அனுப்புகிறது. நான்கு இரவு எதுவும் வரவில்லை. நேற்று ஒரு வரி வந்தது: 6ஆவது சர்வரில் 9100 புதிதாகத் திறந்திருக்கிறது. கண்காணிப்புக் கருவி ப்ரோமீதியஸுக்காக நோட் எக்ஸ்போர்ட்டரை டாக்கரில் எழுப்பியபோது நானே வெளியிட்ட போர்ட். காலை 6:10க்குச் செய்தி, 6:25க்கு மூடிவிட்டேன்.

#20 பாக்கெட்_வாசகி · அடுத்த திங்கள் 07:40

மகிழ்ச்சி தம்பி. அந்த இரவு ஸ்கேனில் ஐபிவி6 முகவரிகளும் இருக்கின்றனவா என்று ஒரு முறை பாருங்கள். என்மேப்புக்குத் தனியாகச் சொன்னால்தான் தொடும்.

#21 முதல்_முனையம் · அடுத்த திங்கள் 07:52

இல்லை அக்கா. இப்போதே சேர்க்கிறேன்.